வாவியின் ஒலியும் கேட்பவன் கடமையும்

பொய் கூறாமை கடமை. பிறர் பொருளைக் கவராமை கடமை. துன்புறுவோர்க்கு இயன்றதை உதவுதல் கடமை. இவற்றை மறுப்பார் இலர். ஆயின், தன்னைச் சூழ்ந்துள்ளவற்றைக் கவனித்தலும் ஒருவனுக்குக் கடமையாகுமா? வைகாசி மாதத்திலே வீதியோரத்துக் கொன்றை பூத்துக் குலுங்குவதைக் காணாது கடந்து சென்றவன் பிழையேதும் புரிந்தான் எனச் சொல்லத்தகுமா? இல்லை என்று விடை கூறவே முதலில் தோன்றும். அவன் காணாமையால் கொன்றைக்கு இழப்பில்லை, அயலானுக்கும் இழப்பில்லை. கவனித்தல் என்பது ஓய்வுடையோர்க்கு வாய்க்கும் ஓர் இன்பம், அதனை அறத்தின் வரிசையிலே சேர்ப்பது மிகை என்று கூறி விடயத்தை முடித்துவிடலாம். அவ்வளவு எளிதாக அது முடியாதென்றே நான் எண்ணுகின்றேன். பொதுப்படப் பேசுவதினும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பேசுவது தெளிவு தரும் ஆதலின், மட்டக்களப்பு வாவியையும் அதிலிருந்து எழும் ஒலியையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை, சம்மாந்துறை எல்லைவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது இவ்வாவி. கதிரவன் எழும் திசையிலுள்ள கரை எழுவான்கரை. அவன் படும் திசையிலுள்ள கரை படுவான்கரை. ஊர்களுக்குப் பெயரிட்டோர் வானத்தைப் பார்த்தே பெயரிட்டனர் என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று. எழுவான்கரையிலே மணலும் தென்னையும் மீன்வாடிகளும். படுவான்கரையிலே வயலும் குளமும், அதற்கப்பால் காடும். நெய்தலும் மருதமும் முல்லையும் ஒரு தோணிப் பயணத்துள் அடங்கிவிடுகின்றன. நெய்தலுக்கும் மருதத்துக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியன எனப் பொருளிலக்கணம் விட்டுவிட்டது. ஆயின் இந்நிலத்திலே வாழ்வோர்க்கு இளவேனில் என்பது ஏனைய பருவங்களோடு ஒருங்கு வைத்தெண்ணக்கூடிய ஒன்றன்று. சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களிலும் நிலத்தின் முகமே மாறிவிடுகின்றது. மாரியில் வந்திருந்த வலசைப் பறவைகள் வடதிசை நோக்கிப் போய்விட்டன. பெரும்போக அறுவடை முடிந்த வயல்களுள் உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களின் நீர் பாயும் பகுதிகளில் மட்டுமே சிறுபோகப் பச்சை தெரியும். ஏனைய வெளிகள் வெடித்துக் கிடக்கும். அவ்வெளிகளிலே வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, வருவோர் போவோர் அனைவரையும் நோக்கிக் கத்தித் திரியும் ஆட்காட்டி. கூடு எங்கே என்று கேட்டால் அது கத்தும் இடத்திலே தேடாதே என்பர் பெரியோர். கூட்டிலிருந்து நம்மை விலக்கிச் செல்வதற்கே அது கத்துகின்றது. பாலைப்பழம் காட்டிலிருந்து சந்தைக்கு வரத் தொடங்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு வரும். ஆற்று நீர் வரத்துக் குறையவே, முகத்துவாரத்தில் மணல் திரண்டு வாயை அடைக்கும். வாவி அசைவின்றிக் கிடக்கும்.

வெப்பம் மிகும் இப்பருவத்திலேதான் கண்ணகியம்மன் கோயில்கள் கதவு திறக்கின்றன. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் கோயில்கள் பல வைகாசிச் சடங்குக்கென்றே திறக்கப்பட்டு, வழக்குரை படிக்கப்பட்டு, திருக்குளிர்த்தியோடு மீண்டும் அடைக்கப்படும். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணித்துக் குளிர்விப்பதே குளிர்த்தி. கச்சான் வீசுங் காலத்தில், அம்மை முதலிய வெம்மை நோய்கள் பரவக்கூடிய காலத்தில், ஓர் ஊர் முழுவதும் கூடி நின்று வெப்பம் தணிகவென்று வேண்டுகின்றது. மழை பொய்த்தபோதும் நோய் மிகுந்தபோதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடியதும் இத்தகையதே. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். பண்பாட்டுச் சின்னம் என்று போற்றுவோரும் உளர். இரு திறத்தாரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர் என்பது என் கருத்து. காற்று மாறியதையும் நீர் குறைந்ததையும் உடல் காய்வதையும் ஒரு சமூகம் முழுவதும் ஒரே வேளையில் கவனித்ததன் பதிவு இச்சடங்கு. தனி மனிதன் மறந்தாலும் நாட்காட்டி மறவாது. கவனத்தை ஒருவருடைய மனநிலைக்கு விட்டுவிடாது ஊரின் பொறுப்பாக்கி வைத்தனர் நம் முன்னோர். கடமை என்னும் சொல் இவ்விடத்திலே முதன்முதலாகப் பொருந்தக் காண்கின்றோம்.

இனி, ஒலிக்கு வருவோம். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையுள்ள வறண்ட மாதங்களில், காற்றடங்கிய நிலவு நாட்களில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரிலிருந்து மெல்லிய இசையொலி எழுவதுண்டு. இதனை விரிவாக எழுதிவைத்தோருள் முதன்மையானவர் 1845 முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த சேர் யேம்ஸ் எமர்சன் ரெனென்ற். 1848 செப்ரெம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவெழுந்த பின்னர் மீனவரோடு படகிற் சென்று அவ்வொலியைக் கேட்டார். அது ஒரே நீண்ட நாதமாக இருக்கவில்லை என்றும், தனித்தனியே தெளிந்த எண்ணற்ற சிற்றொலிகளாக இருந்தது என்றும், படகின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெருகியது என்றும் குறித்தார். அவரது நூல்களிலே இச்செய்தி இடம்பெற்றமையால் உலகம் மட்டக்களப்பின் ஒலியை அறிந்தது.

ரெனென்றை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றவர் யாவர்? அவர்களுடைய பெயர்கள் நூலில் இல்லை. ஒலி எங்கே எழும், எக்காலத்தில் எழும், எப்படிக் கேட்கவேண்டும் என்பனவெல்லாம் அவர்கள் ஏலவே அறிந்திருந்தவை. ஒலியை எழுப்புவது ஊரி என்று கூறி, நீரடியிலிருந்து ஊரிகளை எடுத்தும் அவர்கள் காட்டினர். ஊரி அழுகின்றது என்னும் பொருள்பட அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரைத் தாம் கேட்டபடி ஆங்கில எழுத்திலே அவர் பதிந்துள்ளார். அந்நூலைப் புரட்டும்போது என்னைத் தடுத்து நிறுத்துவது இவ்விடமே. வந்தவருக்கு அது இசை. வலை வீசியவருக்கு அழுகை. நாம் இன்று பாடும் மீன் என்கின்றோம். ஊரி மீனாயிற்று, அழுகை பாட்டாயிற்று.

மீனவனுடைய கவனம் தேவையினால் வந்தது, அது வயிற்றுப்பாட்டின் ஒரு கூறு, எனவே உயர்ந்ததன்று என வாதிடுவாரும் உளர். பயன் கருதாது காண்பதே உண்மையான காட்சி என்பது அவர்தம் துணிபு. இத்துணிபுக்கு மெய்யியலிலே பெருந்துணையாக நிற்பவர் ஜேர்மானிய அறிஞர் இமானுவேல் காண்ட். 1790இல் வெளிவந்த தமது தீர்ப்பாற்றல் பற்றிய ஆய்விலே, அழகைச் சுவைக்கும் மனம் தன்னலத் தொடர்பற்றது என அவர் நிறுவினார். எனினும் அதே நூலில் அவர் கூறும் ஓர் எடுத்துக்காட்டு, இவ்விலகிய நிலையை ஓரளவு குலைத்துவிடுகின்றது. விருந்தினரை மகிழ்விக்க விரும்பிய விடுதிக்காரன் ஒருவன், இராப்பாடிக் குயில் இல்லாத குறையைப் போக்க, குழலூதத் தெரிந்த சிறுவன் ஒருவனைப் புதருக்குள் ஒளித்து வைக்கின்றான். குரல் அச்சொட்டாக அப்பறவையினுடையதே. ஆயின் உண்மை தெரிந்த கணத்திலிருந்து எவரும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்க விரும்புவதில்லை. ஒலி மாறவில்லை, கேட்பவர் எழுந்து போய்விடுகின்றனர். ஏன்? தாம் கேட்டுக்கொண்டிருந்தது ஓர் உயிரின் குரல் என அவர்கள் எண்ணியிருந்தனர். அவர்கள் தேடியது ஒலியை மட்டுமாயின் சிறுவனின் குழலே போதுமானதாக இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று 1980களிலே அமெரிக்காவின் களிபோர்னியாவில் நடந்தது. சோசலிற்றோ என்னும் ஊரில் படகுவீடுகளில் வாழ்ந்தோர் கோடை இரவுகளிலே தம் படகின் அடிப்புறத்திலிருந்து எழுந்த இரைச்சலினால் உறக்கமிழந்தனர். கழிவுநீர்ப் பம்பியின் ஒலி என்றனர் சிலர்; படையினரின் இரகசியச் சோதனை என்றனர் வேறு சிலர். ஈற்றிலே, கல்லிடுக்கில் கூடமைத்துக் காவல்நிற்கும் ஒருவகை ஆண்மீன், தன் காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளை அதிரச் செய்து பெண்மீனை அழைக்கும் குரலே அது எனத் தெரிந்தது. இளவேனிலின் கடைக்கூறிலே தொடங்கிக் கோடை முழுவதும் அது நீடிக்கும். உண்மை தெரிந்ததும் அவ்வூரார் அம்மீனுக்கு விழாவே எடுத்தனர். இங்கும் ஒலி மாறவில்லை. இயந்திரத்தின் இரைச்சலாக இருந்தபோது தொல்லை. உயிரின் அழைப்பானபோது கொண்டாட்டம். ஆகவே விளக்கம் வியப்பைக் கொன்றுவிடும் என்னும் பழைய முறைப்பாடு இவ்விடத்திலே செல்லாது. கொல்வது ஏமாற்று, விளக்கமன்று.

அம்மீனைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரையொன்றின்படி, பெண்மீனின் செவி ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாக இருப்பதில்லை. இனப்பெருக்கப் பருவம் நெருங்கும்போது உடலிற் சுரக்கும் ஓமோன்கள் அதன் உட்செவியை மாற்ற, ஆணின் குரலிலுள்ள உயர்ந்த அதிர்வுகளையும் அது நன்கு பற்றிக்கொள்கின்றது. பருவம் குரலை மட்டுமன்றிச் செவியையும் ஆக்குகின்றது! மீனுக்கு இயற்கை செய்துகொடுக்கும் இவ்வுதவி மனிதனுக்கு இல்லை. நம் செவியை நாமே ஆயத்தஞ் செய்யவேண்டியுள்ளது. வைகாசியில் கதவு திறக்கும் கோயிலும், நிலவில் தோணி ஏறும் வழக்கமும் அத்தகைய ஆயத்தங்களே எனக் கொள்வதிலே தவறில்லை.

மட்டக்களப்பு வாவியிலே ஒலியெழுப்புவது எவ்வுயிர் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. 1950களில் மட்டக்களப்பிலே பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைத் துறவியர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவுசெய்தனர்; இலங்கை வானொலியிலும் அது ஒலிபரப்பாயிற்று. காற்றுப்பையை அதிரச் செய்து குரல் எழுப்பும் மீனினங்கள் உலகெங்கும் உண்டு. அவ்வகை மீன் இதுவாகலாம் என்போர் பலர். காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் இதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947இல் அரங்கேறிய யாழ்நூலிலே சுரங்களின் அதிர்வு விகிதங்களைக் கணக்கிட்டு நிறுவியவர். அவருக்குப் பௌதிகம் தெரியாமலன்று நீரரமகளிர் தோன்றியது. அளந்தறியும் அறிவும் கற்பனையும் ஒரே செவியில் இருக்கலாகாது என நாம் வகுப்பறைகளிலே கற்றுக்கொண்ட பாகுபாட்டை, கல்லடிச் சிவானந்த வித்தியாலய வளவிலே துயில்கொள்ளும் அப்பெரியார் ஏற்றுக்கொள்ளவில்லை.

அங்ஙனமாயின் பாடும் மீனுக்குத் தீங்கு எங்கிருந்து வருகின்றது? நம்முடைய பெருமையிலிருந்தே என்பேன். மீன்பாடும் தேன்நாடு என்னும் தொடர் இல்லாத மேடைப் பேச்சு மட்டக்களப்பிலே அரிது. வரவேற்புரையிலும் மலர்களின் முன்னுரையிலும் சின்னங்களிலும் அம்மீன் பாடிக்கொண்டேயிருக்கின்றது. அத்தொடரைச் சொல்வோருள் அவ்வொலியைக் கேட்டோர் எத்தனை பேர் என வினவினால் சபை மௌனமாகும். (கேட்டதாகச் சொல்லிவிட்டுப் பின்னர் பாட்டனார் கேட்டதாகத் திருத்திக்கொள்வோரும் உளர்.) பெயர் அவ்வளவு இனிமையாக அமைந்துவிட்டதால் பொருளைத் தேடிச் செல்லவேண்டிய தேவை அற்றுப்போயிற்று. நாட்டார் வழக்கு மனிதனை நீர்க்கரைக்கு அழைத்துச் சென்றது. அதிலிருந்து பிறந்த விளம்பரச் சொல் அவனை வீட்டிலேயே இருத்திவிட்டது. காண்டின் விடுதிக்காரன் ஒரு சிறுவனையாவது தேடிப் பிடித்தான். நமக்கு அச்சிறுவனும் வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்திலே கடுமையான மறுப்பொன்றை எதிர்கொள்ளாது மேற்செல்வது நேர்மையாகாது. இவ்வாவிக் கரையிலே நடந்தவற்றை அறிந்த ஒருவன் மீனின் பாட்டைப் பற்றி எழுத நாணவேண்டாவா? 1990 ஓகஸ்ற் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5ஆந் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 2004 திசெம்பர் 26ஆந் திகதி கல்லடியையும் நாவலடியையும் கடல் கொண்டுபோயிற்று. இத்தகைய நீரின் அருகே நின்று இசை கேட்கச் சொல்வது கொடுமை என ஒருவர் கூறின், அவரை நோக்கிச் சிரிக்க எவருக்கும் உரிமையில்லை.

இம்மறுப்புக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. இயற்கை ஆறுதல் தரும் என்பது ஒன்று. பிள்ளையைத் தேடித் திரியும் தாய்க்குக் கொன்றைப் பூவிலே ஆறுதல் உண்டெனச் சொல்பவன் அத்தாயைக் கண்டறியாதவன். இயற்கையைக் கவனிப்பவன் மனிதரிடத்தும் அன்புடையவனாவான் என்பது மற்றொன்று. காண்டுகூட இயற்கையழகிலே நேரடி ஈடுபாடுடைமை நல்ல உள்ளத்தின் அடையாளம் என எழுதினார். வரலாறு இதனை உறுதிப்படுத்தவில்லை. பறவைகளை நேசித்த கொடியோரும் உளர். பறவையொன்றின் பெயரும் அறியாத சான்றோரும் உளர்.

எனவே நான் கூற விரும்புவது இவற்றினும் சிறியது. கவனித்தல் தன்னளவிலே அறமாகாது. ஆயின் அஃதின்றி எந்த அறமும் தன் பொருளைக் கண்டடைய மாட்டாது. உதவவேண்டும் என்னும் உறுதி ஒருவனிடம் எவ்வளவு இருப்பினும், எதிரே நிற்பவன் துன்புறுகின்றான் என்பது அவன் கண்ணிற் படாவிடின் அவ்வுறுதியாற் பயனில்லை. இல்லாமற் போனதைக் கவனித்தல் இதனினும் அரிது. இருக்கும் பொருள் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். இல்லாமற் போனது அங்ஙனம் காட்டாது. முன்னர் அங்கே ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்று சொல்வதற்கு முன்னரும் பார்த்த கண் ஒன்று வேண்டும். காணாமற்போனோரின் பெயர்களை ஆண்டுதோறும் உரத்து வாசிக்கும் தாய்மார் செய்வது இதனையே. அதனோடு ஒரு மீனின் குரலை நான் ஒப்பிடவில்லை. இரண்டும் ஒரே நிறையினவல்ல. ஆயின் எவரும் எண்ணி வைக்காத ஒன்று ஓசையின்றி அழிக்கப்படலாம் என்பது இரண்டுக்கும் பொதுவான உண்மை.

வாவியின் ஒலி நாளை நின்றுபோகுமாயின் அது நின்ற நாளை யார் சொல்லப்போகின்றனர்? கரையிலுள்ள கண்டலும் தில்லையும் வெட்டப்படுகின்றன. நகரின் கழிவு நீரிலே கலக்கின்றது. மோட்டார்ப் படகுகளின் இரைச்சல் நீருக்கடியிலே நெடுந்தூரம் செல்கின்றது. குரல் கொடுத்து இணையை அழைக்கும் உயிருக்கு இவ்விரைச்சல் எத்தகைய தடை என்பதை விளக்கவேண்டியதில்லை. ஒலி குன்றிவிட்டது என முதியோர் கூறுகின்றனர். அவர்களுக்குச் செவி குன்றிவிட்டது என இளைஞர் கூறுகின்றனர். யார் கூற்று மெய் எனத் தீர்ப்பதற்கு எழுத்திலே பதிவு இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வொலியைத் தன் அடையாளமாகக் கொண்டாடிய ஊரிடம், இன்ன ஆண்டு இன்ன மாதத்திலே இன்ன இரவில் கேட்டது என்னும் தொடர்ச்சியான குறிப்பேடொன்று இல்லாதிருப்பது வெட்கத்துக்குரியது. இப்பொழுது சொல்லலாம்: கொன்றையைக் காணாது சென்ற ஒருவன் பிழை புரிந்தவனல்லன்; ஊரில் ஒருவர்கூடக் காணாது போவாராயின், அவ்வூர் பிழை புரிந்ததாகும்.

மாணவரால் இயலாத காரியமன்று இது. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலம், 2013இல் அருகே புதிய பாலம் எழுந்த பின்னர், பெருவாகனங்களின் சுமையிலிருந்து விடுபட்டு நிற்கின்றது. மாலையிலே காற்று வாங்குவோர் அங்கே பலர். புதிய பாலத்தின் இரைச்சல் அடங்கும் நள்ளிரவுக்குப் பின் நிற்போர் மிகச் சிலர். சித்திரை முதல் புரட்டாதி வரை ஆறு பறுவங்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் இரு இரவுகளைச் சேர்த்தால் ஆண்டுக்கு முப்பது இரவுகள். இருவர் இருவராக முறைவைத்துச் சென்றால் ஒருவருக்கு ஆண்டில் ஓரிரு இரவுகளே வரும். ஒரு கொப்பியும் மணிக்கூடும் போதும். காற்றின் திசை, முகத்துவாரம் திறந்துள்ளதா அடைத்துள்ளதா என்பது, கேட்டதா இல்லையா என்பது ஆகியவற்றை எழுதவேண்டும். கேட்காத இரவையும் எழுதவேண்டும், அதுவே முதன்மையானது. தோணிக்காரரின் உதவி கிடைக்குமாயின் பாலத்தின் தூண்களை விட்டுச் சற்று விலகிச் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் ஆழ இறக்கி மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடித்தல் நன்று. அவ்வேளையிலே பேசாதிருக்கும்படி தோணிக்காரரே சொல்வார்.